திருக்கேதீச்சரத்துக்குத் தை மாத நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவராத்திரி நெருங்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்கு அருகிலுள்ள சிவன் கோயிலான திருக்கேதீச்சரத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களை நம்மவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே வழியை, வேறு யாத்திரிகர் எவரும் இல்லாத தை மாதத்தில் மூன்று முறை நடந்திருக்கிறேன். சிவராத்திரிக் கூட்டத்தோடு ஒருமுறை, மார்கழியில் ஒருமுறையும் போனதுண்டு. தெரிந்தவர்களும் தெரிந்தவர்களின் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

வழி எது? எத்தனை நாள் வேண்டும்?

நல்லூர் வாசலில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கண்டி வீதியில் செம்மணியைத் தாண்டி நாவற்குழி வரை போய், அங்கே பூநகரிப் பக்கம் திரும்ப வேண்டும். அதற்கு மேல் வழி தவறவே முடியாது. தச்சன்தோப்பு, கேரதீவு, சங்குப்பிட்டிப் பாலம், பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று மன்னார் வீதி ஒரே வீதியாக இறங்குகிறது. மாந்தைச் சந்தியில் அதை விட்டுக் கோயிலுக்குத் திரும்புகிறோம். மொத்தம் நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல்.

நான்கு நாளில் முடித்தவர்கள் இருக்கிறார்கள். நான் ஆறு நாள் சொல்வேன். முதல் நாளே பூநகரியைப் பிடித்துவிட வேண்டும் என்று புறப்படுகிறவர்கள்தான் மூன்றாம் நாள் முழங்காவிலில் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். முதல் இரவைத் தச்சன்தோப்புப் பக்கத்திலேயே கழியுங்கள். இரண்டாம் நாள் பூநகரி, மூன்றாம் நாள் முழங்காவில். கால் அதற்குள் வீதிக்குப் பழகிவிடும்.

சிவராத்திரிக்கே போகலாமே, ஏன் தையில் போக வேண்டும்?

சிவராத்திரி நடையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். வழிநெடுகத் தாகசாந்தி, அன்னதானம், இரவில் பசனை, காலுக்கு மருந்து போட ஆட்கள் என்று எல்லாம் கிடைக்கும். முதன்முதலாக நடப்பவர்களுக்கு அதுவே பாதுகாப்பானது. ஆனால் அந்தக் கூட்டத்தோடு நான் நடந்த வருடம் எந்த ஊரில் என்ன மரம் நின்றது என்றுகூட எனக்கு நினைவில் இல்லை. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்துவிட்டேன்.

தையில் நிலைமை வேறு. கூட்டமாக வருகிறவர்களுக்கு வழியிலுள்ள சனங்கள் சோறு போடுவார்கள். தனியே வருகிறவரை நிறுத்தி, எங்கே போகிறீர், எதற்குப் போகிறீர் என்று கேட்பார்கள். கேட்டு முடிந்ததும் தங்கள் காரியத்தையும் சொல்லி அனுப்புவார்கள். மகளுக்கு இன்னும் கலியாணம் சரிவரவில்லை, பேரனுக்கு மூச்சு இழுக்கிறது, காணாமற்போன மகனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. நீங்கள் ஓர் ஆள் நடக்கப் போய், பத்துப் பேருடைய நேர்த்தியை, அதாவது வேண்டுதலை, கொண்டு போய்ச் சேர்ப்பீர்கள். எனக்கு இந்த நடையில் பெரிதாகப் பட்டது அதுதான். ஆகையால் அவசரப்படுகிறவர்கள் தையில் போக வேண்டாம். நின்று கேட்க நேரம் வேண்டும்.

வானிலையும் ஒரு காரணம். பொங்கல் கழிந்தால் வடகீழ்ப் பருவமழையின் மூர்க்கம் பெரும்பாலும் அடங்கியிருக்கும். குளங்கள் நிறைந்திருக்கும், வயல் பச்சை மாறாமல் இருக்கும், வெயில் இன்னும் கொளுத்தத் தொடங்கியிராது. மாசிக் கடைசியில் பூநகரித் தார் வீதி பாதத்தைப் பதம் பார்த்துவிடும்.

மார்கழியில், திருவெம்பாவை நாட்களில் நடக்கலாமா?

ஆசைக்குரிய காலம்தான். விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகத் திருவெம்பாவை பாடிக்கொண்டு வருகிறவர்களை எதிரே காண்பது வேறு எந்த மாதத்திலும் கிடைக்காது. விநாயகர் பெருங்கதைக் காலமும் அதை ஒட்டி வருவதால் பிள்ளையார் கோயில்களில் மாலை வேளையில் ஆட்கள் இருப்பார்கள், தங்க இடம் கேட்கவும் வசதி.

ஆனால் மழையை எண்ணிப் பாருங்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வடக்கைக் குறுக்கே கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கியது. நாம் நடக்கும் வீதிக்குக் கடல் எவ்வளவு அருகில் என்பது நடக்கும்போது தெரியும். நான் மார்கழியில் போனபோது புயல் எதுவும் இல்லை, வெறும் அடைமழைதான். அதற்கே இரண்டு நாள் ஒரு சனசமூக நிலையத்தின் விறாந்தையில் ஈரச் சாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். திருவெம்பாவைக்காக நடக்க விரும்பினால் கடைசி மூன்று நாட்களை மட்டும் வைத்துக்கொண்டு, நல்லூரிலிருந்து நாவற்குழி திருவாசக அரண்மனை வரை நடந்து பாருங்கள். 2018 இல் திறக்கப்பட்ட அந்தக் கோயிலில் திருவாசகப் பாடல்கள் 658 உம் கருங்கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. திருவெம்பாவையை அங்கே கல்லில் வாசிக்கலாம்.

குளிருமா?

மலைநாட்டுக் குளிர் இல்லை. இரவில் வெப்பநிலை இருபது பாகையை ஒட்டி இறங்கும். ஆனால் கடல்நீரேரியைத் தடவிவரும் வாடைக்காற்றும் பனியும் சேர்ந்தால் விடிய நான்கு மணிக்குப் பல் கிட்டும். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று பழையவர்கள் சும்மா சொல்லவில்லை. தலைக்கு ஒரு துவாய், போர்க்க ஒரு தடித்த போர்வை போதும். சூரியன் ஆறரை மணி அளவில்தான் எழும்பும், மாலை ஆறு மணி கடந்ததும் இருட்டிவிடும். நடையை அந்தப் பகலுக்குள் அடக்கிக்கொள்ளுங்கள்.

எங்கே தங்குவது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், நியாயமான கேள்வி. தையில் உங்களுக்காக மடமோ பந்தலோ திறந்திராது. கோயில் மண்டபம், சனசமூக நிலையம், பாடசாலை விறாந்தை, தேவாலய வளவு, தெரிந்தவரின் தெரிந்தவர் வீடு என்றுதான் போக வேண்டியிருக்கும். புறப்படுமுன் ஒரு கிழமை செலவழித்து ஊர்களுக்குத் தொலைபேசி எடுங்கள். கோயில் பரிபாலன சபையிடமோ கிராம அலுவலரிடமோ முன்கூட்டிச் சொன்னால் ஒருவரும் மறுப்பதில்லை. இருட்டிய பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் படலையில் நிற்பதுதான் பிழை.

இந்த வீதியோரத்துச் சனங்கள் போரில் பலமுறை இடம்பெயர்ந்து, 2009 க்குப் பிறகு திரும்பி வந்து, வீட்டுத்திட்ட வீடுகளில் புதிதாக வாழ்க்கை தொடங்கியவர்கள். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வராது. அந்த நல்ல குணத்தில் நாம் சுமை ஏற்றக்கூடாது. ஒரு கிலோ சீனி, ஒரு பை தேயிலை, குழந்தைகளுக்கு விசுக்கோத்து என்று கையோடு கொண்டு போங்கள். காசாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

முழங்காவிலுக்கு இப்பால் ஒரு வீட்டில் தங்கியதைச் சொல்ல வேண்டும். எழுபதை எட்டிய ஓர் அம்மா. நான் கேட்டது ஒரு செம்பு தண்ணீர்தான். என் நடையைப் பார்த்துவிட்டு, "இதிலே இரும் தம்பி" என்று வேப்பமரத்தடியில் ஒரு வாங்குப் பலகையைக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் அலுமினியச் சட்டியில் வெந்நீரும் ஒரு பிடி கல்லுப்பும் வந்தன. காலை வைத்ததும் சுள்ளென்று எரிந்தது, பிறகு மெல்ல உடம்பெல்லாம் இளகியது. அவர் திண்ணையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு நேர்த்தி என்று ஒரு சொல் கேட்கவில்லை. விடிய நான் புறப்படும்போது, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஐம்பது ரூபாயை அவிழ்த்து என் கையில் வைத்து, "என்னுடைய பேரிலே ஒரு கற்பூரம் கொளுத்திவிடும்" என்றார். பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். தாள் வெற்றிலை மணத்தது.

சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் என்ன வழி?

கடைகள் இருக்கின்றன, ஆனால் சந்திகளில்தான். காலையில் இடியப்பம், பாண், சம்பல், பிளேன்ரீ எங்கும் கிடைக்கும். மதியத்தில் பெரும்பாலும் மச்சச் சாப்பாடுதான் இருக்கும். விரதத்தோடு நடப்பவர்கள் காலையிலேயே மத்தியானத்துக்கும் கட்டிக்கொள்ள வேண்டும்.

நடக்கும்போது கடிக்க, அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலும் பனங்கட்டியும் போல வேறொன்றும் இல்லை. புழுக்கொடியல் மழைக்கும் வெயிலுக்கும் கெடாது, ஒரு துண்டு வாயில் கிடந்தால் ஒரு கட்டை (மைல்) தூரம் போய்விடும். எள்ளுப்பாகு, பொரிவிளாங்காய் வீட்டில் செய்து தந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் இனிப்புகள் தாகத்தைத்தான் கூட்டும்.

பூநகரிக் கரையோரக் கிணறுகள் பல உவர். தண்ணீர் இரண்டு லீற்றர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். கேரதீவிலிருந்து பாலம் கடந்து பூநகரி எட்டும் வரை நிரப்பிக்கொள்ள இடம் அருமை.

வெறுங்காலில்தான் நடக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. நேர்த்தி அப்படி என்றால் வேறு கதை, அதை நான் தடுக்க முடியாது. ஆனால் மாரி முடிந்த கையோடு வெள்ளம் தேங்கிய இடங்களில் வெறுங்காலோடு இறங்குவது ஆபத்து. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டுபோனதை மறந்திருக்கமாட்டோம். காலில் ஒரு சிறு கீறல் போதும், கிருமி அந்த நீரிலிருந்து உள்ளே போய்விடும். நடந்து வந்தபின் காய்ச்சலும் கெண்டைக்காலில் நோவும் கண்டால், நடந்த அலுப்பு என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், வெள்ளத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலை நினைக்கவே கூடாது.

பழகிய கன்வஸ் சப்பாத்தும் பருத்திக் காலுறையும் போதும். புதுச் சப்பாத்தோடு புறப்படுவது பிழை. ரப்பர்ச் செருப்பு நாவற்குழி வரைக்கும் சுகமாக இருக்கும், பிறகு விரலிடுக்கைத் தின்னும். மாந்தைச் சந்தியில் சப்பாத்தைக் கழற்றிப் பையில் கட்டிக்கொண்டு, கோயில் வரைக்கும் வெறுங்காலில் போவது என் வழக்கம்.

கொப்புளம் வந்தால்?

சிறிதாக இருந்தால் தொடாதீர்கள், சுத்தமான துணி சுற்றிவிடுங்கள். நடக்க முடியாத அளவுக்குப் பெரிதானால் நெருப்பில் காட்டிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிய விட்டு, மேற்தோலை உரிக்காமல் மருந்து போட்டுக் கட்டுங்கள். இரவில் நல்லெண்ணெய் தேய்ப்பது கொப்புளம் இல்லாத காலுக்குத்தான். புண்ணில் எண்ணெய் பூசி மண் ஒட்ட விட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

மாற்று வேட்டி ஒன்று, சாரம் ஒன்று, துவாய், போர்வை, ரோச்லைட், நுளம்புச் சுருள், மருந்து, அடையாள அட்டை, திருநீற்றுப் பை. எல்லாவற்றையும் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கட்டுங்கள், தையிலும் ஒரு மழை வரத்தான் செய்யும். ஐந்து கிலோவுக்கு மேற்பட்டால் வீட்டில் எதையோ விட்டுவிட்டு வரவேண்டும்.

காடு, மிதிவெடி, பாம்பு: பயம் இல்லையா?

பயம் இருக்க வேண்டும். இந்த வீதியின் இரு மருங்கும் போர் முனையாக இருந்தவை. பெரும்பகுதி துப்புரவு செய்யப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஒதுக்குப்புறம் தேடிப் பற்றைக்குள் இறங்காதீர்கள். ஆள் நடந்த தடம் இருக்கும் இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். மண்டையோட்டுப் பலகை கண்டால் வந்த அடியிலேயே திரும்பி வாருங்கள். வழியில் கிடக்கும் எந்த இரும்புத் துண்டையும் தொடவேண்டாம்.

வெள்ளாங்குளத்துக்கு அப்பால் காடு நெருங்கும். யானை நடமாட்டம் எப்படி என்று காலையில் கடைக்காரரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. இருட்டில் அந்தத் துண்டைக் கடக்க வேண்டாம். பாம்புகள் மழை முடிந்த கையோடு வீதிச் சூட்டுக்கு வரும், புடையனும் சுருட்டையும் உள்ள மண். சுள்ளி மிதிக்குமுன் ரோச் அடித்துப் பாருங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வாகனத்தைச் சொல்ல மறந்துவிடக்கூடாது. எனக்கு இந்த வழியில் உண்மையான பயம் தந்தவை வேகமாக வரும் லொறிகள்தான். வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடங்கள். வெள்ளை வேட்டி நல்லது, தூரத்திலேயே தெரியும்.

பெண்கள் தனியாக நடக்கலாமா?

பூநகரி வரை நடக்கலாம். அதற்கு அப்பால் இரண்டு மூன்று பேராகப் போங்கள். ஆண்களுக்கும் நான் இதையேதான் சொல்வேன்.

நடுவில் பஸ்ஸில் ஏறினால் நேர்த்தி குறையுமா?

யாழ்ப்பாணம்–மன்னார் பஸ்கள் இதே வீதியால்தான் ஓடுகின்றன, கை காட்டினால் நிற்கும். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் கண்டது. வெள்ளாங்குளத்திலிருந்து பஸ்ஸில் வீடு திரும்பி, அடுத்த மாதம் அதே இடத்தில் இறங்கி மிச்சத்தை நடந்தேன். சுவாமி கணக்குப் பார்க்கிறவர் அல்லர் என்பது என் நம்பிக்கை.

வழியில் நின்று பார்க்க வேண்டியவை?

சங்குப்பிட்டிப் பாலம். 288 மீற்றர் நீளம், 2011 இல் திறந்தது. அதற்கு முன்னர், வீதி திறந்திருந்த காலங்களில், கேரதீவிலிருந்து 'பாதை'யில்தான் வாகனமும் ஆளும் கடக்க வேண்டும். பாதை என்றால் மிதவை என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. காலை ஏழு மணிக்குப் பாலத்தின் நடுவில் நின்றால், இரண்டு பக்கமும் ஆழமில்லாத நீரில் தையில் வலசைப் பறவைகள் நிற்கும். அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைக் கூட்டமும். முதலில் வெள்ளையாக ஒரு கோடு தெரியும், எழுந்து திரும்பும்போது செட்டையின் அடியில் சிவப்பு விரியும். நான் அதைப் பார்த்து நின்ற இடத்தில் கால் நோவை மறந்தேன்.

பூநகரியில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பெருப்பித்த கோட்டையின் மிச்சம் இருக்கிறது. மொட்டைக்கறுப்பன் நெல் விளையும் வயல்களை அதைவிட ஆற அமரப் பாருங்கள். விடத்தல்தீவில் தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஒரே இடத்திலிருந்து கேட்கும். அங்கே ஒரு தேநீர்க் கடையில் என்னிடம் காசு வாங்க மறுத்தவர் ஒரு முஸ்லிம் ஐயா. 1990 இல் ஊரைவிட்டு விரட்டப்பட்டுத் திரும்பி வந்த குடும்பம். அவரும் ஒரு துஆச் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன் என்றேன்.

கதிர்காமப் பாதயாத்திரையை இதேபோல் தையில் போக முடியுமா?

முடியாது. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரும் நடை ஆடித் திருவிழாவை ஒட்டியது. உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகளுக்குள்ளால் போகும் பாதையைத் திருவிழாக் காலத்தில் குறித்த நாட்களுக்குத்தான் திறப்பார்கள். தையில் கிழக்குக் கரை முழுவதும் வெள்ளக்காடாக இருக்கும்.

கோயிலில் போய்ச் சேர்ந்ததும் என்ன செய்வது?

முதலில் பாலாவித் தீர்த்தம். சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய தலம் இது. பாலாவியின் கரை என்று சுந்தரர் சொன்ன அதே கரையில்தான் நீங்கள் கால் கழுவப் போகிறீர்கள். சிவராத்திரியன்று ஆயிரக்கணக்கானவர்கள் குடத்தோடு நிற்கும் படிகளில் தையில் ஒரு கொக்கு நிற்கும்.

போர்த்துக்கேயர் இடித்த பிறகு இந்த இடம் காடேறிப் போயிற்று. இதைத் திரும்ப எழுப்ப வேண்டும் என்று நம்முடைய ஆறுமுக நாவலர் நல்லூரிலிருந்து 1872 இல் விஞ்ஞாபனம் விடுத்தார். இன்று நீங்கள் பார்க்கும் கருங்கல் திருப்பணி நிறைவேறிக் குடமுழுக்கு நடந்தது 2022 இல். நடுவில் போர்க்காலத்தில் கோயிலுக்குப் போகவே முடியாத வருடங்கள் இருந்தன. நல்லூரில் தொடங்குங்கள் என்று நான் சொன்னதற்கு நாவலரும் ஒரு காரணம்.

குளித்து, ஈர வேட்டியோடு உள்ளே போங்கள். கேதீச்சர நாதரையும் கௌரி அம்பாளையும் கும்பிட்டு, வழியில் சொல்லி அனுப்பிய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒரு சிறு கொப்பியில் எழுதிக்கொண்டு போவது நல்லது. நான் முதல்முறை எழுதவில்லை, இரண்டு நட்சத்திரங்கள் மறந்து போயின, இன்றுவரை மனம் கிடந்து உறுத்துகிறது. முழங்காவில் அம்மாவின் ஐம்பது ரூபாய்க்குக் கற்பூரம் வாங்கிக் கொளுத்தினேன். கூட்டமில்லாததால் அது எரிந்து முடியும் வரைக்கும் நிற்க முடிந்தது.

திரும்பி வருவது எப்படி?

மாந்தைச் சந்தியில் யாழ்ப்பாணப் பஸ் பிடிக்கலாம். ஆறு நாள் நடந்த வழி சில மணி நேரத்தில் யன்னலோரம் ஓடி முடிந்துவிடும். திருநீறும் பிரசாதமும் கொடுக்க வேண்டிய வீடுகள் இருந்தால் நேரே வீட்டுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். நான் முழங்காவிலில் இறங்கி அடுத்த பஸ் வரைக்கும் இருந்தேன். அம்மா திருநீற்றைப் பூசிக்கொண்டு, மிச்சத்தைச் சுவாமிப் படத்தடியில் வைத்துவிட்டு வந்து, "கால் எப்படி?" என்று கேட்டார்.